என் ஓட்டு கோல்கீப்பருக்கு

“ஆ காட்டுங்க தம்பி” என்றார் பல் டாக்டர். காட்டினேன். அத்துடன் என் பேச்சுரிமை முடிந்தது.

வலது பக்கம், கீழ் வரிசை, கடைசிப் பல். அதில் ஒரு கரிய குழி. ஒரு வாரமாக என்னைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை. வகுப்பில்கூடத் தூங்க விடவில்லை. இன்று அதைப் பிடுங்கிவிடுவதாக ஏற்பாடு.

ஆனால் இன்று காலையில்தான் எங்கள் கால்பந்து கிளப் தன் அணியின் மேனேஜரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தது.

டாக்டர் எங்கள் கிளப்பின் ரசிகர். என் வாய்க்குள் உறிஞ்சு குழாயைப் பிடித்திருந்த உதவியாளர் அக்காவும் அப்படியே. நான் போட்டிருந்த கிளப் டி-ஷர்ட்டைப் பார்த்ததும் இருவரும் காணாமல் போன சொந்தக்காரன் திரும்பி வந்ததுபோல் கொண்டாடினார்கள். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

“அடுத்து யாரு? இன்னைக்கே ஒரு முடிவுக்கு வந்தாகணும்” என்றபடி டாக்டர் ஊசியை எடுத்தார். “என்னைக் கேட்டா கோட்டுக்காரர்தான்.”

கோட்டுக்காரர் போன இடமெல்லாம் கோப்பை வாங்கியவர். கொட்டும் மழையிலும் கோட்டைக் கழற்றாதவர். போன இடமெல்லாம் பாதியில் சண்டை போட்டுக் கிளம்பியவரும் அவரே.

“அவரு எதுக்கு டாக்டர் நமக்கு? தோத்தா கோட்டுல இருக்கிற தூசியத் தட்டுவாரு. அதத் தவிர வேற என்ன தெரியும்?” என்றார் அக்கா. “நம்ம பழைய கோல்கீப்பர் இருக்காரே, சின்னப் பசங்க டீமை எப்படி வளத்து வச்சிருக்காரு!”

“கோல்கீப்பரா! ஆயுசு பூரா நின்ன இடத்துலயே நின்ன ஆளும்மா அது.”

“நின்னு பாத்தவருக்குத்தான் டாக்டர் மொத்த மைதானமும் தெரியும்.”

இது என் வாதம். வார்த்தைக்கு வார்த்தை என் வாதம். கல்லூரி கேன்டீனில் வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ நண்பர்களை இழந்திருக்கிறேன். அக்காவுக்குத் துணையாக ஏதாவது சொல்லத் துடித்தேன். “அஹ்” என்ற சத்தம்தான் வந்தது.

“பாத்தியா, தம்பி நம்ம கட்சி” என்றார் டாக்டர்.

மறுத்துச் சொல்ல முயன்றேன்.

“வாய மூடாதீங்க தம்பி.”

ஊசி இறங்கியது. வலித்தால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். உயிர் போகிற வலி. தூக்கினேன்.

“பாரும்மா, கையவே தூக்கிட்டாரு! ரெண்டுக்கு ஒண்ணு. கோட்டுக்காரர் ஜெயிச்சாச்சு.”

அவசரமாகக் கையை இறக்கினேன்.

“போட்டது போட்டதுதான் தம்பி” என்றார்.

அக்கா விடுவதாக இல்லை. அவருக்குக் கோபம் ஏற ஏறக் குழாய் ஆடியது. ஒரு கட்டத்தில் என் நாக்கைக் கவ்விக்கொண்டது. டாக்டர் என் நெஞ்சில் விரித்திருந்த துண்டையே மைதானமாக்கி, கோட்டுக்காரர் வந்தால் யாரை எங்கே நிறுத்துவார் என்று விரலால் வரைந்து காட்டினார். என் வயிற்றுப் பக்கம் எங்கள் தடுப்பாட்டம் ரொம்பப் பலவீனமாம். சுவரில் என் எக்ஸ்ரே தொங்கியது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தாடை மரத்துப்போனது. டாக்டர் அக்காவை முறைத்தபடியே இடுக்கியை என் வாய்க்குள் விட்டார்.

தலைக்கு மேலிருந்த விளக்கின் கண்ணாடியில் என் வாய் குட்டியாகத் தெரிந்தது. இடுக்கி ஒரு பல்லை இறுகப் பிடித்திருந்தது. அது கடைசிப் பல் இல்லை. அதற்கு முந்தைய பல். சொத்தையின் சுவடே இல்லாத அப்பாவிப் பல்.

“நமக்குள்ள எதுக்கு டாக்டர் சண்டை? தம்பியவே கேட்ருவோம்” என்றார் அக்கா. “கோல்கீப்பர்தான தம்பி? ஆமான்னா தலைய மேல கீழ ஆட்டுங்க. இல்லன்னா பக்கவாட்டுல.”

“இரும்மா, வேலையப் பாப்போம். தம்பி, இந்தப் பல்லுதான?” என்றார் டாக்டர், அதே மூச்சில்.

இருவரும் என்னையே பார்த்தார்கள்.

கேள்வி இரண்டு. தலை ஒன்று.

பக்கவாட்டில் ஆட்டினால் பல் பிழைக்கும். ஆனால் ஏற்கெனவே என் பெயரில் ஒரு கள்ள ஓட்டு விழுந்திருக்கிறது. இப்போது நானே தலையை ஆட்டிக் கோல்கீப்பரை வேண்டாம் என்று சொன்னால், நாளை எந்த முகத்தோடு கேன்டீனுக்குப் போவேன்?

மேலும் கீழும் ஆட்டினேன். யாருக்கும் சந்தேகம் வராதபடி, நிதானமாக, பலமுறை.

மடக்.

டாக்டர் பல்லை விளக்கடியில் தூக்கிப் பார்த்தார். விளம்பரத்தில் வருவதுபோல் வெள்ளை வெளேர் என்றிருந்தது. திருப்பிப் பார்த்தார். பிறகு என் வாய்க்குள் குனிந்து பார்த்தார். அங்கே கரிய குழியோடு கடைசிப் பல் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

அக்கா அவசரமாக என் வாயில் பஞ்சைத் திணித்தார்.

“ஏன் தம்பி” என்றார் டாக்டர். “இல்லன்னு தலைய ஆட்டியிருக்கக் கூடாதா?”

வாய் நிறையப் பஞ்சு. கையைத் தூக்கினேன். அக்கா பக்கம் இரண்டு விரல் காட்டினேன். டாக்டர் பக்கம் ஒரு விரல்.

டாக்டர் என் விரல்களை எண்ணினார். கையுறையைக் கழற்றினார். ஆயிரம் இருந்தாலும் அவர் நல்ல ரசிகர்.

“சரி. கோல்கீப்பரே வரட்டும்.”

அக்கா கைதட்டினார். நான் மரத்த தாடையோடு சிரித்தேன். எச்சில் துண்டில் வழிந்தது.

இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய ஊரில் இருக்கிறது எங்கள் கிளப். நாங்கள் எடுத்த முடிவை அங்கே யார் தெரிவிப்பது என்பதைப் பற்றி மட்டும் பேச்சே வரவில்லை.