டேப்பில் ஒட்டிய பெயர்

"அண்ணன் பேரை டேப்ல ஒட்டு, போதும்" என்றான் தம்பி.

புதுக் கடையின் வாசலில் ஸ்டீல் எழுத்துகள் பரவிக் கிடந்தன. அண்ணன் பெயர், தம்பி பெயர், கடைசியில் 'பிரதர்ஸ்'.

போர்டு மாட்டுபவர் சுவரைத் தடவி, வெள்ளையாகிப்போன விரலைக் காட்டினார். "சுண்ணாம்பு உதிருது சார். துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கணும். டேப்னா முதல் மழைக்கே விழுந்துடும்."

"விழுறதுக்குத்தான்யா ஒட்டச் சொல்றேன்! பிறந்ததுலேர்ந்து அவன் பேருக்குப் பின்னாடியே என் பேரு. வாயை மூடிக்கிட்டு சொன்னதைச் செய்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

கடை திறந்த மூன்றாம் வாரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விடிந்ததும் விடியாததுமாகத் தம்பி ஓடி வந்தான். அவனுக்கு முன்பே அண்ணன் குடையோடு வந்து அண்ணாந்து நின்றிருந்தான். வாசல் தண்ணீரில் இரண்டு பேர் பெயரும் கிடந்தன.

தம்பி போனில் எகிறினான். "என் பேரு ஏன்யா விழுந்துச்சு?"

"நீங்க சொன்னதுக்கு முந்தின நாளே அண்ணன் வந்து, தம்பி பேருக்கு டேப் போதும்னு சொல்லிட்டுப் போனாரு சார். 'பிரதர்ஸ்' பத்தி மட்டும் ரெண்டு பேருமே ஒண்ணும் சொல்லலை. அதை நான் ஒழுங்கா ஸ்க்ரூ போட்டு மாட்டினேன்."