மதில் தாண்டும் புகை

எரியும் பழைய சார்ஜர் ஒயர்க் குவியல்மேல் கவிநிலா இரண்டாவது குடத்தைக் கவிழ்க்கிறாள். நெருப்பு சுர்ரென்று சீறுகிறது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையைப் பிடிக்கிறது. ஈரச் சாம்பலுக்குள் செம்புக் கம்பிகள் சாயங்கால வெயிலில் மின்னுகின்றன. அடி அண்ணாமலையில், மாறனுடைய மொபைல் ஷோரூமின் குடோன் பின்பக்கம் இது. மதிலுக்கு வெளியே கிரிவலம் போகிறவர்கள் ஏதோ ஹோமப் புகை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். “அதுக்குத்தான் பௌர்ணமியாப் பாத்துக் கொளுத்தறோம்” என்று இளிக்கிறான் மாறன். “கொடத்தக் கீழ வெய்டி!” “எங்க கெணறு தோ இருக்குது. இந்த விஷமெல்லாம் அதுலதான எறங்கும்? ரீசைக்கிள் கம்பெனிக்கு அனுப்பறேன்னு சொல்லித்தான ஜனங்ககிட்ட பழைய போனையெல்லாம் வாங்கினீங்க?” “அனுப்பினா செலவு ஜாஸ்தி. கொளுத்தினா செம்பு காசாவும்.” “கலெக்டர் ஆபீஸ்ல போய் சொல்றேன்.” “போய்ச் சொல்லேன். உன்ன எவன் நம்புவான்?” மாறன் சிரித்துக்கொண்டே மதில் பக்கம் கையை நீட்டுகிறான். ஸ்பீக்கர் கட்டிய ஷோரூம் ஆட்டோ கூட்டத்துக்குள் ஊர்ந்து போகிறது. “பழைய போனை எங்ககிட்ட குடுங்க! மண்ணும் தண்ணியும் கெடாம நாங்க பாத்துக்கறோம்!” தேனாய்க் குழைந்து ஊரைக் கூப்பிடும் அந்த ரெக்கார்டிங் குரல் கவிநிலாவுடையது.