சமமான மேடை

ஏரியின் நடுவே இருந்த மண்திட்டில் ஒரு நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது. அதன் வயிறு நிறைய முட்டை. அந்தத் திட்டை ஆண்டுவந்த நாரைகள், மழைக்காலம் முடிந்ததும் அதை நீர்நாய்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது பழைய ஒப்பந்தம். எப்படி ஒப்படைப்பது என்று பேச ஒரு கூட்டம் வேண்டுமே! அதற்கு ஏற்பாடு செய்ய ஒரு நாரையும் ஒரு நீர்நாயும் முன்னதாக வந்தார்கள்.

நண்டு ஓடிப்போய்க் கேட்டது. "ஐயா, திட்டு கைமாறினாலும் என் வளை எனக்குத்தானே?"

"அதையெல்லாம் கூட்டத்தில் பேசலாம் அம்மா. முதலில் யார் எங்கே உட்காருவது என்று முடிவாகட்டும்" என்றது நாரை.

நீர்நாய் முகத்தைச் சுளித்தது. "உங்கள் பக்கம் மேடாக இருக்கிறதே! எங்கள் தலைவர் உங்களை அண்ணாந்து பார்த்துப் பேசுவதா?"

நாரை தன் பக்கத்து மண்ணைக் கொத்திச் சரித்தது. இப்போது நீர்நாயின் பக்கம் ஒரு விரல் உயர்ந்துவிட்டது. நீர்நாய் பெருந்தன்மையோடு அதைப் பறித்துத் தண்ணீரில் தள்ளியது. மறுபடி நாரையின் பக்கம் மேடானது.

"ஐயோ, என் வளை இடிகிறது!" என்று நண்டு கத்தியது.

"ஏற்பாடு நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில்தான்.

பொழுது சாயும்போது திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டமாக நின்றது.

"அப்பாடா, இனி மேடும் இல்லை, பள்ளமும் இல்லை" என்று இருவரும் வணங்கிக்கொண்டார்கள். "நாளைக்கே கூட்டத்தை வைத்துவிடலாம்."

முட்டைகளோடு தட்டுத்தடுமாறிக் கரையேறிய நண்டு திரும்பிப் பார்த்தது.

"எங்கே ஐயா?" என்று கேட்டது.