பழைய வரைபடத்தின் எண்

அக்கா எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். திரை அசராமல் 'தீங்கற்றது' என்றே காட்டியது.



மரபணு மாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கும் இணையதளம் அது. மாற்றம் இருக்கும் இடத்தின் எண்ணைக் கொடுத்தால், அதனால் நோய் வருமா வராதா என்று சொல்லும். அதில் ஒரு தலைவலி உண்டு. மனித மரபணுவுக்குப் பழைய வரைபடம் ஒன்று, புதியது ஒன்று. புதியதில் எண்கள் எல்லாம் தள்ளிப் போயிருக்கும். எதில் தேடுவது என்று மூலையிலிருக்கும் சின்னப் பெட்டியில் நாம்தான் சொல்ல வேண்டும்.

அவளுடைய ஆய்வகம் இன்னமும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறது. தங்கையின் பரிசோதனையில் வந்த எண்ணை அன்று அவள் தேடியதோ புதியதில். பெட்டியைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷ அனுபவம் என்கிற திமிர். இன்று வேறெதையோ தேட வந்த இடத்தில்தான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது.

'புற்றுநோய் தரும்' என்று அன்று வந்ததை நம்பி, அம்மா போன வழியில் தங்கையும் போய்விடக் கூடாதே என்று பதறி, சினைப்பைகளை எடுத்துவிடச் சொன்னவள் அவள்தான்.

அறுவை சிகிச்சை இன்று. இந்நேரம்.

தங்கையின் போன் அடித்து ஓய்ந்தது. தங்கை வீட்டுக்காரர் போனை அணைத்து வைத்திருந்தார். மருத்துவமனையில் எழுதிப் போட்டதையெல்லாம் அப்படியே கடைப்பிடிக்கிற மனுஷன். அவர்மேல் கொலைவெறி வந்தது.

வார்டுக்கு அடித்தாள்.

"ஸ்ட்ரெச்சர்ல ஏத்தியாச்சும்மா" என்றாள் நர்ஸ்.

"நிறுத்துங்க!" அக்கா போட்ட சத்தத்தில் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. நின்றது. போன் கைமாறியது.

அக்கா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள். உனக்கு ஒன்றுமில்லை, எழுந்து வீட்டுக்குப் போ என்றாள். தங்கை அழுதாள், சிரித்தாள், அடுத்தது பெண்ணாகப் பிறந்தால் உன் பெயர்தான் என்றாள்.

பிறகு அவள் குரல் இறங்கியது.

"அக்கா, அப்ப போன வருஷம் நீயும் சினைப்பைய எடுத்துக்கிட்டியே?"

"எனக்கு வேற இடம்டி. என்னுது நிஜமாவே கெட்டது."

தங்கை நம்பினாள். நிம்மதியாகப் போனை வைத்தாள்.

அம்மா இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனது ஒரே மாற்றம்தான்.