ஏறாத முள்

மூடியைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் வந்தது.

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ரேடியேட்டருக்குள் தண்ணீர் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது சேறு. மஞ்சளும் பழுப்புமாக, ஓரத்தில் நுரை கட்டி.

மெக்கானிக் மயில்சாமி, ஆறியிருந்த சேற்றில் விரலை விட்டுக் கொஞ்சம் வழித்தார். தேய்த்து முகர்ந்து பார்த்தார். அவர் முகமும் சுளித்தது.

"மஞ்சத்தூளுங்க. ரேடியேட்டர் ஒழுகுச்சுன்னா இதைக் கொட்டி ஓட்டையை அடைச்சிருவாங்க. வண்டியைத் தள்ளிவிடறவன் பண்ற வேலை. நாலு நாளைக்குத் தாங்கும்."

நாலு நாள்.

வண்டி அவள் கைக்கு வந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது.

யாரும் விற்கவில்லை. அண்ணன் சீராகக் கொடுத்தது. பதினேழு வருஷத்து வண்டிதான், ஆனாலும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். உறவுக்காரர்களை நிற்க வைத்து, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினான். "இனி புள்ளையை பஸ்ஸுல அலைய விடாத கண்ணு" என்றான். அவளுடைய ஏழு வயது மகளைத்தான் சொன்னான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவளும்தான் துடைத்துக்கொண்டாள். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பதிலுக்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவின் தென்னந்தோப்பில் தனக்குள்ள பாதி வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து. இன்று பன்னிரண்டு மணிக்கு, பதிவு அலுவலகத்தில். அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் பானெட்டைக் கிளப்பிக்கொண்டு ஆவி வந்தது. இந்தப் பட்டறை பக்கத்தில் இருந்தது அவள் நல்ல காலம்.

"முள்ளு ஏறினதைப் பாக்கலீங்களா?" என்று கேட்டார் மயில்சாமி.

பார்க்காமல் என்ன? பழைய வண்டியாயிற்றே என்று, சூடு காட்டும் முள்ளில் ஒரு கண்ணை வைத்தபடியேதான் ஓட்டி வந்தாள். ஆவி பீறிட்ட அந்த நிமிஷம்கூட அது அடியிலேயே கிடந்தது.

"ஏறவே இல்லைங்க."

மயில்சாமி குனிந்து, எஞ்சினுக்குப் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார். ஒரு ஒயரை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எஞ்சின் சூட்டை முள்ளுக்குக் கொண்டுபோகிற ஒயர். பாதியோடு நின்றிருந்தது.

"எலி கடிச்சிருக்குங்களா?"

எலியாகவே இருந்துவிடட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"எலி டேப் சுத்தாதுங்க."

கறுப்பு டேப். புதுசு. கத்தரித்த முனையில் நேர்த்தியாகச் சுற்றி, கண்ணில் படாதபடி உள்ளே செருகியிருந்தது.

யாரோ ஒரு பட்டறைக்காரன் செய்திருப்பான். அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. வண்டியைத் துடைக்கத் தெரிந்தவன்தானே, ஒயரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள்.

கைப்பேசி அடித்தது. அண்ணன்தான்.

"எங்க கண்ணு இருக்கற? எல்லாரும் வந்தாச்சு."

"வண்டி சூடாயிருச்சுண்ணா."

"அதெப்படி? முள்ளுதான் ஏறாதே."

சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். அவசர அவசரமாக மேலே பேசினான். "செரி, அது கெடக்குது. நீ அங்கயே இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். கையெழுத்தைப் போட்டுட்டு அப்பறம் பாத்துக்கலாம்."

தூ.

ஓட்டை வண்டியைத் தலையில் கட்டினான், அது போகட்டும். தோப்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பாள். இவன் உட்கார்ந்து ஒயரைக் கத்தரித்து டேப் சுற்றியிருக்கிறான். பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு பைபாஸில் போவாள் என்று தெரியும். எஞ்சின் கருகி, பின்னால் லாரி வர, நடுரோட்டில் நின்றுபோகும் என்றும் தெரியும். கையெழுத்து விழுகிற வரைக்கும் வண்டி தாங்கினால் போதும் அவனுக்கு. அதற்கு மேல் தங்கச்சி என்ன ஆனால் என்ன?

அந்தக் கையால்தான் குங்குமமும் வைத்தான்.

வாய்க்குள் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. பட்டறைக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"கண்ணு, லைன்ல இருக்கறியா?"

அவள் மயில்சாமியைப் பார்த்துப் பேசினாள்.

"இதைச் சரி பண்ண எத்தனை நாளாகுங்க?"

"ரேடியேட்டரை இறக்கோணும். எஞ்சின் ஹெட்டையும் கழட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியுமுங்க. பத்து நாள் ஆனாலும் ஆகும்." அவர் தயங்கினார். "உங்களுக்கு ஏதோ அவசர சோலி போல இருக்குதுங்களே?"

"ஒரு அவசரமும் இல்லைங்க. எல்லாத்தையும் கழட்டுங்க. இன்னும் என்னென்ன பண்ணி வெச்சிருக்கறாங்கன்னு ஒவ்வொண்ணா எனக்குக் காட்டுங்க."

மறுமுனையில் யாரோ, "பத்திர ரைட்டர் கூப்புடறாருங்க" என்பது கேட்டது.

அவள் கைப்பேசியை அணைத்துவிட்டு, மயில்சாமிக்குப் பக்கத்தில் போய் எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தாள்.