லுட்சேர்னைச் சுற்றிப் போகும் பாதை

அப்பா சாப்பாட்டு மேசையில் ஐரோப்பாப் படத்தை விரித்து, அது சுருளாமல் நான்கு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்திருந்தார்.

படம் என்னுடையது. சைக்கிளும் என்னுடையது. பயணம் மட்டும் அன்று காலைப் பூசை முடிந்ததிலிருந்து அவருடையதாகிவிட்டது.

டுசல்டோர்ஃபிலிருந்து பலெர்மோ வரை, தனியே, ஆறு கிழமை. இதற்காகவே ஒரு வருடம் சனிக்கிழமைகளில் பேக்கரியில் வேலைக்கு நின்றேன். செப்டெம்பரில் முழுநேர வேலை தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஆறு கிழமை லீவு யார் தருவான்? கூடாரம் வாங்கியாயிற்று. கைக்குள் அடங்குகிற அடுப்பும் வாங்கியாயிற்று.

தனியே போவது சரியாம். இரவில் படுப்பது மட்டும் எங்கள் ஆட்களின் வீட்டிலாம். அப்படிச் சொல்லிவிட்டு டெலிபோனை எடுத்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினாறு வீடு பிடித்துவிட்டார்.

மன்ஹைமில் சிற்றம்பலம் மாமா. அப்பாவோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர். ஃபிரைபேர்க்கில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவின் மச்சாள். அது யாரென்று அம்மாவுக்கே பிடிபடவில்லை.

சிற்றம்பலம் மாமா, பாசலில் இருக்கும் தன் மகளுக்கு இரண்டு கிலோ மிளகாய்த்தூள் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாராம். அப்பா ஓம் என்றுவிட்டார்.

சைக்கிளில்! என் மாதாவே.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பாசல் வரை அப்பா கீறிய பென்சில் கோடு ஒழுங்காகத்தான் வந்தது. அதற்குப் பிறகு அது ஏன் அப்படிப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பேர்ண் பக்கம் திரும்பி, கிரிம்சல் மலையில் ஏறி இறங்கி, இறங்கிய கையோடு நுஃபெனன் மலையிலும் ஏறியது.

பாசலிலிருந்து லுட்சேர்ன், லுட்சேர்னிலிருந்து கொத்தார்ட். ஒரேயொரு மலை. அங்கால் இத்தாலி வரைக்கும் இறக்கம்தான். படம் பார்க்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அந்த வழியைத்தான் காட்டும்.

ஏன் இந்தச் சுற்று என்று கேட்டேன். பேர்ணில் நல்ல ஆட்கள் இருக்கிறார்களாம். அந்தப் பக்கம் காற்றும் நல்லதாம். லுட்சேர்னில் எங்களுக்கு ஒருவரும் இல்லையாம்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தா. பிறகு மறுபடியும் கழுவத் தொடங்கினா.

லுட்சேர்னில் இருப்பது பிளோறன்ஸ் மாமி. அப்பாவின் ஒரே தங்கச்சி. நான் பிறந்த வருடம், 1986இல், அப்பா இங்கே ஒருவருக்குக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்து மாமியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டார். மாமி சுவிஸ் வரைக்கும்தான் வந்தா. ஆட்களைக் களவாகக் கூட்டிவரும் ஏஜென்சியில் கூட வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டா. மாப்பிள்ளை டுசல்டோர்ஃப் ஸ்டேஷனில் கோட்டும் சூட்டுமாகக் கடைசி ரயில் வரை நின்றாராம். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அதன்பிறகு வீட்டில் அந்தப் பெயரே இல்லை. செபமாலை முடிய உயிரோடு இருக்கும் சொந்தங்களுக்காக ஒருவர் விடாமல் வேண்டிக்கொள்வோம். மரித்தவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வோம். மாமி இரண்டிலும் இல்லை.

எனக்கு விசர் ஏறிவிட்டது. முகமே தெரியாத பதினாறு வீட்டில் நான் படுக்கலாம். அவருடைய சொந்தத் தங்கச்சி வீட்டு வாசலைத் தாண்டாமலிருக்க இரண்டாவது மலையும் ஏற வேண்டும். இருபத்தொரு வருடக் கோபம் அவருடையது, அதைச் சுமந்துகொண்டு மிதிக்கிற முழங்கால் மட்டும் என்னுடையதா? எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கேட்டேன்.

கேட்டுவிட்டுச் சிவப்புப் பேனையை எடுத்து, பாசலிலிருந்து லுட்சேர்னுக்கும் அங்கிருந்து கொத்தார்ட்டுக்கும் அழுத்திக் கீறினேன்.

"நான் லுட்சேர்னாலதான் போறன். மாமி வீட்டிலதான் படுப்பன். ஏலாதெண்டால் ஒரு வீடும் வேண்டாம், ஒவ்வொரு நாளும் காட்டில கூடாரம்தான்."

அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினா.

அப்பா கத்தினால் கீழ்வீட்டு ஜெர்மன்காரர் தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் தட்டுவார். அந்தத் தட்டலுக்காகவே காத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"மூண்டாம் மாடி. லிஃப்ற் இல்லை, சைக்கிளைப் பின்பக்கம் பூட்டி வை. பெல்லில புருசன்ர பேரைத் தேடாத. எங்கட அப்பான்ர பேரைத்தான் இன்னும் போட்டு வைச்சிருக்கிறாள்."

எப்போது போனீர்கள் என்று அம்மாதான் கேட்டா. கைத் தண்ணீர் நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

சுவிஸில் இருக்கும் ஐன்சீடல்ன் மாதா கோவிலுக்கென்று பஸ்ஸில் போன மூன்று தரமும் போனாராம். மற்றவர்கள் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த நேரம் லுட்சேர்னுக்கு ரயில் பிடித்து அந்த வாசல் வரைக்கும் போய், நின்றுவிட்டுத் திரும்பினாராம். மூன்று தரமும் பெல் அடிக்கவில்லையாம்.

பென்சிலை எடுத்து, பேர்ண் பக்கம் போன கோட்டை அதன் பின்முனை ரப்பரால் அழிக்கத் தொடங்கினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ பெல்லை அடி, பிள்ளை."