மீட்டிங் முடிந்த பிறகு

மனிலா இரைச்சலில் வேலை ஓடவில்லை என்று ரொவேனா மலையடிவாரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தாள். இணையம் தடையில்லாமல் வந்தது. ஊரே அமைதி. பக்கத்து வீட்டு இசிட்ரோ பெரியவர் மட்டும் காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் வாசலைச் சரக் சரக்கென்று பெருக்குவார்.

"மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குது தாத்தா."

"அதுக்கென்னம்மா, நீ முடிச்சப்புறம் பெருக்கிக்கறேன்."

சொன்னபடியே செய்தார். அவள் மடிக்கணினியை மூடி ஜன்னலைத் திறந்த பிறகுதான் விளக்குமாற்றை எடுப்பார்.

மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். துக்க வீட்டில் காபி கொடுத்தார்கள். மதியம் மீட்டிங் இருந்ததால் ரொவேனா பாதியில் எழுந்தாள்.

"நேரா வீட்டுக்குப் போயிடாதடி," என்றாள் பெட்டிக்கடை நெனா. "எங்கயாவது உக்காந்துட்டுப் போ. இல்லேன்னா அவரும் கூடவே வந்துருவாரு. என் கடையில ஒரு சோடா குடி, எனக்கும் வியாபாரம் ஆகும்."

ரொவேனா சிரித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனாள்.

மீட்டிங்கில் ஒரு சத்தமும் இல்லை. "உங்க ஊரு மாதிரி வராது," என்றார் மேலாளர். எல்லாரும் விடைபெற்றார்கள். அவள் மடிக்கணினியை மூடினாள்.

சமையலறைக்குள் சரக் சரக்கென்று பெருக்கும் சத்தம் தொடங்கியது.

மடிக்கணினியைத் திறந்து மறுபடி மீட்டிங்குக்குள் போனாள். சத்தம் நின்றது. திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது.

பொழுது சாய்ந்த பிறகும் ரொவேனா அந்த ஆளில்லாத மீட்டிங்கில் விற்பனை விவரங்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.